ஐந்தாம் பக்கத்துச் செய்தி

பத்தரை மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வெட்டு மேஜையில் கிடந்த துணிச் சுருளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேப்பரை விரித்தேன். நாற்பத்திரண்டு பெண்களில் முக்கால்வாசிப் பேர் டீ டம்ளரோடு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் இந்தச் சட்டை தைக்கும் கூடத்துக்கு நான் சூப்பர்வைசர். டீ நேரத்துப் பத்து நிமிடமும் அவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது எட்டு வருடப் பழக்கம். தலைப்பை மட்டும்தான் படிப்பேன். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை நானே சொல்லிவிடுவேன். எனக்கு இங்கே ‘தலைப்புச் செய்தி’ என்றே பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டுமில்லை, முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“திறப்பு விழாவுக்கு முன்பே பாலத்தில் விரிசல்” என்று படித்தேன். “மந்திரி வர நேரமாச்சு, பாலம் தானாவே திறந்துக்கிச்சு.”

சிரித்தார்கள். அடுத்த வரி இன்னும் மோசமாக இருந்தது. “இடிந்து விழுந்த பழைய பாலத்தோடு இதை ஒப்பிடக் கூடாது: அமைச்சர் விளக்கம்.” எனக்கு உச்சந்தலை சுட்டது. “அது வேற, இது வேறயாம்! விழுறதுல என்னய்யா வேற? பழசு பழசாகி விழுந்துச்சு, இது புதுசாவே விழப்போகுது, அதானே?” பக்கத்தைத் திருப்பினேன். பெரிய மருத்துவமனையில் ஆறு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்களாம். “தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்க ஒரு குழு. அந்தக் குழுவுல ஒருத்தனுக்கு நெஞ்சு வலிக்கட்டும், லிஃப்ட் அன்னைக்கே ஓடும்.”

“நல்லாக் கேளுங்கண்ணே!” என்றாள் பட்டன் மெஷின்காரி. சின்னப் பெண்ணாக இருந்தாலும் வாய் நீளம்.

இதெல்லாம் நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை. எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வரும். இத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு, கண் முன்னால் ஒன்று கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வீட்டுக்குப் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருப்பேன். என் மனைவி பதில் சொல்லமாட்டாள். “கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது” என்பாள். அவளும் இதே கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். கடைசி வரிசையில், பின் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் அவளுடையது. சூப்பர்வைசர் பொண்டாட்டிக்குத் தைக்க லேசான துணி பண்டலாகப் போகிறது என்று யாரோ ஒரு தடவை சொல்லிவிட்டார்கள். அன்று முதல் கூடத்துக்குள் அவள் என்னோடு பேசுவதில்லை. ஊசி உடைந்தால்கூடப் பக்கத்து மெஷின்காரி மூலமாகத்தான் சொல்லியனுப்புவாள். நாலு வருடமாக அப்படித்தான். பேப்பர் படிக்கும்போதும் வந்து நிற்கமாட்டாள். தன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து டீ குடிப்பாள்.

ஐந்தாம் பக்கத்தில், ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்தில் அந்தச் செய்தி இருந்தது. “தையல் கூடத்தில் தீ: பதினொரு பெண்கள் பலி.” அதற்குக் கீழே சின்ன எழுத்தில், “பின் கதவு பூட்டியிருந்தது.” என் பழக்கத்தை மீறி முழுவதையும் படித்தேன். சட்டைகள் திருட்டுப் போகாமல் இருக்கப் பூட்டினார்களாம். முன்படியில் புகை. எல்லோரும் பின் கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கேதான் கிடந்திருக்கிறார்கள். சாவி வைத்திருந்த சூப்பர்வைசர் தலைமறைவு.

பேப்பரை மேஜையில் அறைந்தேன். “எண்ணெய் விளம்பரத்துக்கு அரைப் பக்கம், இதுக்கு ரெண்டு விரல்! அந்தச் சூப்பர்வைசரை விடக் கூடாது. நடுத்தெருவுல நிறுத்திக் கேக்கணும். டேய், உனக்கு நாலு சட்டை பெருசா, பதினொரு உசுரு பெருசா? நீயெல்லாம் சோத்தைத்தான் திங்கிறியா?”

“நல்லாக் கேளுங்கண்ணே” வரவில்லை. யாரும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எல்லோரும் என் முகத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க,” என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. என் மனைவி. “உங்க இடுப்புல தொங்குதே, அது எந்தக் கதவுச் சாவி?”

கை தானாக இடுப்புக்குப் போனது. நீல நிறக் காலர்த் துணியைக் கிழித்துக் கட்டிய சாவி. அதை என்னிடம் யாரும் திணிக்கவில்லை. போன வருடம் பின்படி வழியாகச் சட்டைகள் இறங்கிக்கொண்டிருந்ததை நான்தான் கையும் களவுமாகப் பிடித்தேன். “பின் கதவைப் பூட்டிடலாம் சார், சாவி என்கிட்ட இருக்கட்டும்” என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான். அவர் தோளில் தட்டினார். பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அந்தக் கடிகாரக் கதையை இதே மேஜையில், இதே டீ நேரத்தில், பேப்பரில் வராத நல்ல செய்தி என்று நீட்டி முழக்கிச் சொன்னேன்.

“அது வேற, இது வேற” என்றேன்.

பட்டன் மெஷின்காரி பக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

“என்ன வேற?” என்றாள் மனைவி.

“இங்கதான் நான் இருக்கேன்ல? ஒண்ணுன்னா ஓடி வந்து திறந்துட மாட்டேனா?”

“போன வியாழக்கிழமை பல்லு வலின்னு டாக்டர்கிட்ட போனீங்க. மூணு மணி நேரம். அப்ப சாவி எங்க இருந்துச்சு?”

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. டாக்டருக்காகக் காத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் ஏதோ ஒரு செய்திக்காகக் கொதித்துக்கொண்டிருந்தேன். எந்தச் செய்தி என்று இப்போது நினைவில்லை.

நேரம் முடிந்து சுவிட்சைப் போட்டேன். எல்லோரும் அவரவர் மெஷினுக்குப் போனார்கள். நான் பின் கதவுக்குப் போனேன். அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அதன் முன்னால் அனுப்ப வேண்டிய அட்டைப் பெட்டிகள் நெஞ்சுயரம் நின்றன. இடமில்லை என்று அவற்றை அங்கே அடுக்கச் சொன்னதும் நான்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டுச் சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. தினமும் காலையில் பூட்டை இழுத்துப் பார்ப்பேனே தவிர, இந்த மழைக்காலம் முழுக்க ஒரு நாள்கூடத் திறந்ததில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். ஓடி வந்து திறந்துவிடுவேன் என்றேனே, அந்த வாய் இப்போது உலர்ந்து போயிருந்தது. தலைமறைவான அந்த ஆள்மீது எனக்கிருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அவன் முகத்தை நினைத்துப் பார்த்தால் என் முகம்தான் வந்தது.

மெஷின் எண்ணெய்க் குப்பி ஒன்று என் தோளுக்கு மேலே நீண்டது. மனைவியின் கை. நாலு சொட்டு விட்டேன். காத்திருந்தேன். இன்னும் நாலு சொட்டு விட்டேன். பூட்டு திறந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒன்பது நிமிடம்! கதவை இழுத்ததும் காற்று உள்ளே பாய்ந்து, தரையில் கிடந்த நூல் பிசிறையெல்லாம் கிளப்பிவிட்டது.

அந்தக் காற்றுதான் கண்ணாடி அறையிலிருந்த மேனேஜரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

“யாரைக் கேட்டுத் திறந்தே?”

“பூட்டும்போது இந்தப் பொண்ணுங்க யாரையும் கேக்கலை சார். அதனால திறக்கும்போதும் யாரையும் கேக்கலை.”

“சரக்கு போச்சுன்னா?”

“போனா போகட்டும் சார். சட்டையைத் திரும்பத் தைச்சுக்கலாம்.”

அவர் கழுத்தை நீட்டிப் பின்படியை எட்டிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார். “பேப்பர் படிச்சுட்டு ஆடாதேய்யா. நாலு மணிக்கு முதலாளி வர்றார். அதுக்குள்ள இங்க பூட்டு தொங்கணும். உன்னால முடியலைன்னா சாவியை மேஜையில வச்சுட்டு வீட்டுக்குப் போ. பூட்டுறதுக்கா ஆள் கிடைக்காது?”

அது உண்மைதான். நான் ரோஷத்தோடு படியிறங்கிப் போய்விடலாம், கடிகாரத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாளைக் காலையில் இந்தச் சாவி வேறொரு இடுப்பில் தொங்கும். என் மனைவி அதே ஸ்டூலில் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளும் வேலையை விட்டால் இன்னொருத்தி உட்காருவாள். போகாமல் இருந்தால் பூட்ட வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. என் வாயிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்று பட்டன் மெஷின்காரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றரைக்கு ஓவர்லாக் மெஷின் நின்றது. மனைவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள்.

“இந்த மெஷின் காலைப் பிடிங்க” என்றாள். கூடத்துக்குள் அன்று இரண்டாவது தடவையாக என்னோடு பேசினாள்.

“எங்க?”

“கதவுகிட்ட.”

இரும்புக் கால் வைத்த மெஷின். இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை. பட்டன் மெஷின்காரி வந்தாள். காலர் தைக்கும் வரிசையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தரையில் கீறல் விழ இழுத்து, சுவரோடு ஒட்டித் திறந்திருந்த கதவின்மேல் அதை முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். வாசல் முழுதாக வழி விட்டிருக்கிறதா என்று நான் ஒரு தடவை வெளியே போய்ப் படியில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். இடிக்கவில்லை. மெஷின் வயர் பிளக் பாயின்ட் வரை நூல் பிடித்தாற்போல் சரியாக எட்டியது.

“மேனேஜர் கேட்டா என்ன சொல்றது?” என்றேன்.

“இங்க வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நகர்த்தணும்னா முதலாளியே வந்து என்னை எழுப்பட்டும்.” ஊசியில் நூலைக் கோத்தாள். “நீங்க கோவப்பட்டது போதும். இங்கயே நில்லுங்க.”

வெட்டு மேஜையில் காலைப் பேப்பர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் பக்கத்தைத் தேடி விரித்து, பறக்காமல் இருக்கப் பூட்டை அதன்மேல் வைத்தேன். எண்ணெய் ஊறிச் செய்தியின் ஓரத்தில் ஒரு கறை பரவியது. அப்புறம் போய் அவள் சொன்ன இடத்தில் நின்றேன்.

கீழே முதலாளியின் கார் வந்து நின்றது. முன்படியில் செருப்புச் சத்தம் ஒன்று, இரண்டு என்று ஏறி வரத் தொடங்கியது. என் கை சாவியின் நீலத் துணியை இறுக்கிப் பிடித்திருந்தது. மனைவி தலை நிமிரவில்லை. அடுத்த பண்டலைப் பிரித்து முதல் சட்டையை ஊசிக்குக் கீழே வைத்தாள். பின்படியிலிருந்து வந்த காற்றில் அந்தச் சட்டையின் இரண்டு கைகளும் ஆடிக்கொண்டிருந்தன.