ஈய அடுப்புச் சாம்பல்

சுனாமி வந்த மறு வருஷம் பழவேற்காட்டில் எங்கே பார்த்தாலும் புது வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வலையின் அடியில் கோக்கிற ஈயக் குண்டுக்கு அவ்வளவு கிராக்கி. என் தம்பி அப்துல் வாஹித் கவரைப்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக ஈயத் துப்பாக்கி ரவை வாங்கி வந்தான். எந்தக் காலத்திலோ கொக்கு சுட வைத்திருந்ததாம். கொல்லையில் விறகடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் ரவையை உருக்குவான். மேலே மிதக்கிற கசடைக் கரண்டியால் வழித்து அடுப்பிலேயே தட்டிவிட்டு, ஈயத்தை அச்சில் ஊற்றுவான்.

நல்ல உழைப்பாளிதான், ஆனால் சொன்ன பேச்சு கேட்கிற ஜென்மம் இல்லை. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தப் புகை ஆகாதுடா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதற்காக ஒன்று மட்டும் செய்தான். அடுப்பு மூட்டும்போதெல்லாம் மகள் அஃபீஃபாவை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அப்படியும் அந்த இரண்டு வயசுப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். ஓடிக்கொண்டிருந்தது சுவரைப் பிடித்து நடந்தது. தம்பி பெண்டாட்டி ஜாஹிதா ஓதி ஊதிப் பார்த்தாள், தாயத்துக் கட்டினாள். ஒரு நாள் காலையில் வலிப்பு வந்துவிட்டது. சென்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, இப்போது காப்பாற்றிவிடலாம், மறுபடி ஏறினால் எங்கள் கையில் இல்லை என்றார் டாக்டரம்மா. ஜாஹிதா வார்டில் பிள்ளையோடு இருந்தாள். என்னையும் தம்பியையும் உட்கார வைத்து, பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எதில் சாப்பிடுகிறது என்று துருவித் துருவிக் கேட்டார். பாத்திரம் எதைப் போட்டுத் தேய்ப்பீர்கள் என்றதும், புளியும் சாம்பலும் என்றான் தம்பி. எந்தச் சாம்பல் என்று கேட்டார்.

வீட்டில் சமையல் கேஸ் அடுப்பில். சாம்பல் இருப்பது கொல்லை அடுப்பில் மட்டும்தான். அதில் தேய்த்தால் கண்ணாடியாட்டம் மின்னுகிறது என்று ஜாஹிதா பெருமை பேசுவாள். பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிற கிண்ணத்தை இன்னும் ஒரு பிடி கூடவே போட்டுத் தேய்ப்பாள், பிள்ளை வாயில் படுகிற சாமானாயிற்றே. என்ன கழுவினாலும் விளிம்பு மடிப்பிலும் நகக்கண்ணிலும் கொஞ்சம் தங்கத்தானே செய்யும்.

தம்பி அன்றைக்கே ஊருக்குப் போய் அடுப்பை இடித்து, சாம்பலை வாரி அப்புறப்படுத்திவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினான். எப்படி ஏறியதாம் என்று ஜாஹிதா கேட்டாள்.

"பொகைதான். உனுக்குத் தெரியாம பாப்பாவ மடியில வெச்சிக்கினு உருக்கினேன்" என்றான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நீங்கள் எல்லாம் ஒரு தகப்பனா என்று வார்டே திரும்பிப் பார்க்க அழுதாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. உண்மையைச் சொல்லப் போனேன். அவன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"வாணாம்க்கா. தெரிஞ்சா பாப்பாவுக்கு அவ கையால ஒரு வாய் சோறு ஊட்ட மாட்டா."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது. வாப்பாவிடம் போகிறேன் என்று கையை நீட்டினால் மட்டும் ஜாஹிதா விடுவதில்லை. அவன் எட்ட உட்கார்ந்து, அவள் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.