கோயம்புத்தூரில் படிக்கிற பெண்

அழைப்பு மணி அடித்ததும் இசைப்பிரியா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து பின்னறைக்குள் போனாள். அம்மா தமயந்தி வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் வாசற்கதவைத் திறந்தாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் விருத்தாம்பாள் நின்றிருந்தாள். எதையும் கேட்டு வாங்க வரவில்லை. கண்கள் மட்டும் தமயந்தியைத் தாண்டி உள்ளே போயின.

"பொண்ணு இன்னும் கோயம்புத்தூர்லதான் படிக்குதா?"

"ஆமாங்க. நீட் கோச்சிங்."

"பொங்கலுக்குக்கூட அனுப்பலியே, என்னா கோச்சிங்கோ. நீங்க வாசல்ல நின்னுகினு இருக்கறப்பவே உங்க வூட்டு பாத்ரூம்ல தண்ணி உழற சத்தம் கேக்குது. குழா ரிப்பேர்போல. கம்ப்ளெயின்ட் குடுங்க."

சிரித்துக்கொண்டே போனாள். தெருவுக்குப் பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள ஆளுக்கொரு நாளாக வந்து மணியடித்தார்கள்.

இசைப்பிரியாவுக்குப் பதினேழு வயது. எட்டாவது மாதம். நான்கு மாதமாக அந்தப் பின்னறைதான். ஜன்னலைத் திறக்கக்கூடாது, சத்தமாக இருமக்கூடாது. அவளோடு பிளஸ் டூ படித்த சிவசங்கர் சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான். விஷயம் தெரிந்த அன்று அவள் அப்பா செந்தில்நாதன் அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். பையனின் அம்மா வளர்மதி அவரை உள்ளே கூப்பிடவில்லை. "பொண்ண நீங்க கண்டிச்சு வெச்சிருக்கணும். என் பையன் பேர இழுத்தா நல்லா இருக்காது" என்று வாசல் கேட்டிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தவர் மகளை அடித்தார், போனைப் பிடுங்கினார். கோயம்புத்தூர் என்ற பொய்யும் அன்றுதான் பிறந்தது.

செந்தில்நாதன் கம்மாபுரத்தில் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு அங்கேயே வேலை வாங்கியவர். பர்மனென்ட் ஆள், குவார்ட்டர்ஸ்காரர் என்ற பெயர் அவருக்குப் பெரிது. பதினெட்டு ஆகாத பெண்ணைக் காட்டினால் டாக்டர் போலீசுக்குச் சொல்வார், போலீஸ் வந்தால் டவுன்ஷிப் முழுக்கத் தெரியும் என்றார். அதனால் ஒரு ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை, சத்து மாத்திரைகூட இல்லை.

விருத்தாம்பாள் போனதும் தமயந்தி தாழ்ப்பாளைத் திறந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. மகள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தாள் தமயந்தி. விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"தல வெடிக்குதும்மா. கண்ணுல பூச்சி பூச்சியா பறக்குது. உன் மூஞ்சி சரியா தெரியல."

செந்தில்நாதன் இரண்டாவது ஷிப்டுக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, புள்ளைய இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்."

"பட்டப்பகல்லியா? ஷிப்ட் பஸ்ஸுக்கு அத்தினி பேரும் ரோட்டுல நிக்கிற நேரம். பத்து மணிக்கு டூட்டி முடிச்சுட்டு வரேன். கார் சொல்லி பாண்டிச்சேரி போயிடலாம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"அதுவரைக்கும் தாங்குமா?"

"எட்டு மாசம் தாங்குச்சில்ல?"

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமயந்தி ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். உள்ளே மகள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. வாயில் துணியை வைத்து அடக்கிக்கொண்டுதான் எடுத்தாள். அதைக் கேட்ட பிறகு தமயந்தியால் சும்மா நிற்க முடியவில்லை. மகளுக்கு நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டாள். முன்கதவை விரியத் திறந்தாள்.

வெயிலில் இசைப்பிரியாவுக்குக் கண் கூசியது. நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் தெருவில் கால் வைக்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றது. யாரோ செல்போனைத் தூக்கினார்கள். "நாங்கதான் சொன்னமே" என்றாள் விருத்தாம்பாள், பக்கத்திலிருந்தவளிடம். வந்து ஒரு கை பிடிக்க ஆளில்லை.

ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் நடுவில் செந்தில்நாதன் நின்றிருந்தார். மனைவியையும் மகளையும் பார்த்தார். பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

ஆட்டோவிலேயே இசைப்பிரியாவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

"இதுவரைக்கும் எங்க காட்டினீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்கயும் காட்டலீங்க."

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. குழந்தைக்குத் துடிப்பு நின்னுபோச்சும்மா. முன்னாடியே பாத்திருந்தா ரெண்டு உயிரையும் காப்பாத்தியிருக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "பொண்ணுக்கு வயசு பதினேழு. நான் போலீசுக்குத் தகவல் குடுத்தே ஆகணும்."

"குடுங்க. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்னா."

குழந்தை இறந்தே பிறந்தது. மறுநாள் செந்தில்நாதன் வந்தார். துணியை விலக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். அன்று மாலைதான் இசைப்பிரியாவுக்கு நினைவு திரும்பியது.

"என்னா கொழந்தம்மா?"

"பொண்ணு. மூக்கு உன்னுதேதான் கண்ணு."

இசைப்பிரியா கட்டிலின் இரண்டு பக்கமும் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஆப்பிள் பையோடு சிவசங்கரின் அம்மா வளர்மதி வந்தாள். தமயந்தியை ஓரமாக அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல தமயந்தி. ஆனா பாருங்க, கடவுளே ஒரு வழி பண்ணிட்டார். ரெண்டு புள்ளைங்களும் தப்பிச்சாங்க. ஆறு மாசம் போனா ஊர் மறந்துடும். போலீஸ் வந்தா மட்டும் பையன் பேர..."

"காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாங்க. பேரு சொல்லியாச்சு."

வளர்மதியின் கை நழுவியது. தமயந்தி கட்டிலடியில் கிடந்த ஸ்டூலை இழுத்து அவள் முன்னால் போட்டாள். வார்டே கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள்:

"செத்தது எம் பேத்தி. உங்களுக்கும் பேத்திதான். இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து துக்கம் கேக்கல. நீங்க அதுக்கு வந்திருந்தா உக்காருங்க."

வளர்மதி உட்காரவில்லை.