உதவிக்கு ஒரு ஸ்டார்

இளவேனில் டீச்சருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று கோயமுத்தூரில் ஒரு பயிற்சி நடந்தது. மற்ற டீச்சர்கள் அங்கே தின்ற போண்டாவோடு அதை மறந்துபோனார்கள். இவள் மட்டும் மதுக்கரை திரும்பிய மறுநாளே மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினாள். யார் அடுத்தவர் கஷ்டத்தைப் புரிந்து உதவுகிறார்களோ, அவர்கள் பெயருக்கு நேராகத் தங்க ஸ்டார்.

பிள்ளைகள் கஷ்டப்படுகிறவர்களைத் தேடினார்கள். எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருந்தால் யாருக்கு உதவுவது? கடைசியில் ரம்ஷா கிடைத்தாள். பிறவியிலேயே அவளுக்கு இடது கால் சூம்பியிருந்தது. விந்தி விந்தித்தான் நடப்பாள். அதுவரை யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? நிதா அவள் பையைத் தூக்கினாள். அருண்குமார் அவள் சாப்பிட்ட தட்டைப் பிடுங்கிக் கழுவினான். பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது யார் என்று சண்டையே வந்தது. இளவேனிலுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோ எடுத்து டீச்சர்கள் குரூப்பில் போட்டாள். ஹெட்மாஸ்டர் திருமலைசாமி பிரேயரில் வைத்து அவளுக்குச் சால்வை போர்த்தினார். அவளும் கூச்சப்படுவதுபோல் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ரம்ஷா பள்ளிக்கு வரவில்லை. போன் பண்ணினால் வயிற்று வலி என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதே வயிற்று வலிதான். சனிக்கிழமை இளவேனில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

ரம்ஷாவின் அம்மா ரம்லா, நாற்காலி போட்டு டீ கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"வயித்து வலியெல்லாம் இல்லீங்க டீச்சர். நான்தான் பொய் சொல்லிப்போட்டேன். பள்ளிக்கூடம்னாலே அழுகறாளுங்க. வேற ஸ்கூல்ல சேத்துங்கறா."

"யாராச்சும் கிண்டல் பண்ணுனாங்களா?" என்று இளவேனில் கோபமாகக் கேட்டாள். "சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"கிண்டல் பண்ணுனா திருப்பிக் குடுத்துட்டு வந்துருவாளுங்க. இது வேறீங்க. முன்னெல்லாம் இன்டர்வெல்ல கட்டம் கிழிச்சு, நொண்டியடிச்சுப் பாண்டி ஆடுவாளாமா. இவளை யாரும் ஜெயிக்க முடியாதாமா. இப்பக் கோட்டுக்கிட்டப் போனாலே, 'நீ உக்காரு, உனக்குப் பதிலா நான் ஆடறேன்'ங்கறாங்களாமா. ஸ்டார் வாங்கறதுக்காக, இவளை ஆடவே உடறதில்லீங்க."

இளவேனில் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ரம்ஷா பாண்டி ஆடுவாள் என்பதே அவளுக்குத் தெரியாது. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவள்தான். உதவிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாளே தவிர, நடுவில் நின்றவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சால்வையை நினைத்தபோது அவமானமாக இருந்தது.

எழுந்து வெளியே வந்தாள். சந்தில் கட்டம் கிழித்து ரம்ஷா தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். பாண்டியில் எல்லாருக்கும் ஒற்றைக் கால்தான். வலது காலில் நொண்டியடித்து, ஒரு கோட்டையும் மிதிக்காமல் கடைசிக் கட்டம் வரை போய், சில்லை எடுக்கக் குனிந்தாள். உடம்பு லேசாக ஆடியது. இளவேனில் பதறி ஓடி அவள் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் ரம்ஷாவின் இடது கால் தரையில் ஊன்றியது.

"அவுட்டாக்கிப் போட்டீங்க" என்றாள் ரம்ஷா.

"தெரியாமப் பண்ணிட்டேன் கண்ணு." இளவேனில் சொன்னாள். "எல்லாமே என் தப்புதான். அந்தச் சார்ட்டைக் கிழிச்சுப்போடறேன். திங்கக்கிழமை வர்றியா?"

ரம்ஷா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஸ்டார் இருக்குதுங்க டீச்சர். எனக்கு மட்டும் ஒண்ணு கூட இல்லீங்க. நிதாவுக்குக் கழித்தல் கணக்கு வராதுங்க. நான்தான் தெனமும் சொல்லிக் குடுத்தேன். நீங்க அதைப் பாக்கவே இல்லீங்க."

"ஆமா கண்ணு, பாக்கல" என்றாள் இளவேனில்.

"வாரேனுங்க டீச்சர்" என்றாள் ரம்ஷா. "ஆனா கையை உடுங்க."

இளவேனில் குனிந்து பார்த்தாள். ரம்ஷாவின் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.