உரிமையாளருக்குப் பின்

நாற்பத்து மூன்றாம் எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு ஜெனெல் நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும், லோர்னா தன் முன்னால் நின்ற பெரியவரிடம் அவருடைய டிரெய்லரைப் பற்றித் தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். காத்திருக்கட்டும். வண்டிப் பதிவு செய்கிற கவுண்டி அலுவலகத்தின் நாற்காலிகள் கெட்டியானவை, ஏசியும் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. உட்கார்ந்து நன்றாக வேகட்டும் என்று நினைத்தாள்.

பக்கத்துக் கவுன்டர் பெவ் அடுத்த எண்ணை அழைக்கப் பொத்தானில் கை வைத்தாள்.

"அந்த நம்பரைத் தொடாத பெவ். அது எனக்கு."

"அடிப்பாவி, புருஷன் செத்து ரெண்டு மாசம்கூட ஆகலடி அவளுக்கு."

"எனக்கு அவன் எப்பவோ செத்தாச்சு. துக்கம் விசாரிக்க எனக்கு யாரு கேக் கொண்டாந்து குடுத்தா?"

பெவ் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். அந்தச் சின்ன ஊரில் லோர்னாவின் கதை தெரியாதவர்கள் கிடையாது.

மகள் டெசா பிறந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்த கணக்கு அது. மாநில அரசு நடத்துகிற கல்லூரிச் சேமிப்பு. போடுகிற பணம் வளர்ந்து படிப்புக்குச் செலவானால் அதற்கு வரி கிடையாது. படிவம் நிரப்புவது அந்த வீட்டில் என்றுமே லோர்னாவின் வேலை. உரிமையாளர் என்ற இடத்தில் அப்போதைய புருஷன் டுவைட் பெயரை எழுதினாள், பயனாளி என்ற இடத்தில் குழந்தையின் பெயரை. உரிமையாளர் இறந்தால் அடுத்து யார் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் தன் பெயரை எழுதினாள். டுவைட் தொலைக்காட்சியில் ஆட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையெழுத்துப் போட்டான். அதன்பிறகு மாதாமாதம் எழுபத்தைந்து டாலர், லோர்னாவின் சம்பளத்திலிருந்து போனது. டெசாவுக்குப் பதினைந்து வயதில் விவாகரத்து ஆனபோது வக்கீல் கேட்டதற்கு, அது பிள்ளையின் படிப்புப் பணம், அதில் பங்கு பிரிக்க என்ன இருக்கிறது என்று அவளே சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தன்னைத்தானே அவள் திட்டிக்கொள்ளாத நாளில்லை.

மாட்டு வைத்தியம் படிக்க டெசாவுக்கு இடம் கிடைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பயனாளியைக் குடும்பத்துக்குள் யாராக வேண்டுமானாலும் மாற்ற உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு. டுவைட் மாற்றிவிட்டிருந்தான், புதுப் பெண்டாட்டி ஜெனெலின் மகள் பிரின் பெயருக்கு. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. லோர்னா தீவனக் கடை வாசலில் அவனை மறித்துக் கெஞ்சினாள். ஊரே பார்க்கக் கெஞ்சினாள். "கணக்கு என் பேர்ல இருக்கு. தாளைப் படிச்சுப் பாரு" என்றான் அவன். வண்டிக்குள்ளிருந்த ஜெனெல் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். "சட்டப்படி பிரினும் டெசாவும் அக்கா தங்கச்சிதானே லோர்னா. பணம் குடும்பத்துக்குள்ளதான இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் டெசா கல்லூரிக்குப் போகாமல், சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றுகிற லாரி ஓட்டப் போனாள்.

இந்த ஜூனில் புல்வெட்டும் வண்டியின் மேலேயே டுவைட் மாரடைப்பில் போனான். செய்தி வந்த சாயங்காலம் லோர்னா கொத்துக்கறியில் மீட்லோஃப் செய்து இரண்டு துண்டு சாப்பிட்டாள். அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. போன வாரம் சேமிப்புத் திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. உரிமையாளருக்குப் பின் யார் என்ற அந்தக் கட்டத்தை டுவைட் மாற்றவே இல்லை. தாளைப் படித்துப் பார் என்று சொன்ன மகாராசன் தன் தாளை ஒருநாளும் படித்ததில்லை. நாற்பத்தோராயிரம் டாலர், இப்போது உரிமையாளர் லோர்னா. சமையலறையில் நின்றபடி கடிதத்தை ஐந்து தடவை படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

மகளிடம் சொன்னபோதுதான் அந்தச் சிரிப்பில் பாதி போயிற்று. "எனக்கு வேணாம்மா" என்றாள் டெசா. இப்போது ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை அவளுக்கு. "அப்ப வேணும்னு இருந்துச்சு. இப்ப அந்த ஆசையே இல்ல. அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணா? விட்டுத் தொலையேன்."

விட்டுத் தொலைவதா! ஆசையே இல்லை என்கிறாளே பாவி, அந்த ஆசையைக் கொன்றவர்களை விட்டுவிடுவதா? கடிதத்தை லோர்னா கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாக அது அவளோடு வேலைக்கு வந்துபோகிறது.

நாற்பத்து மூன்றை அழைத்தாள்.

ஜெனெல் இளைத்திருந்தாள். டுவைட்டின் டிரக்கைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வண்டிப் பத்திரம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. வேலையில் லோர்னா குறை வைக்கிறவள் இல்லை. முத்திரை குத்தினாள், காட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். "பழைய நம்பர் பிளேட்டைக் கழட்டிக் குடுக்கணும்."

"பிரின் வெளிய கழட்டிட்டிருக்கா." ஜெனெல் எழுந்து போகவில்லை. "லோர்னா, உங்ககிட்ட இதைக் கேக்க எனக்கு வாய் இல்ல. வேற யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல. பிரினோட காலேஜ் பணம்... உரிமை வேற யாருக்கோ போயிடுச்சுங்கறாங்க. யாருன்னு சொல்லமாட்டேங்கறாங்க. வெள்ளிக்கிழமை கட்டலைன்னா அவ சீட்டு போயிடும். நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க, இதெல்லாம் எங்க கேக்கணும்னு..."

ஐந்து வருடமாகப் பாத்திரம் கழுவும்போதும் வண்டி ஓட்டும்போதும் லோர்னா ஒத்திகை பார்த்த பேச்சு எவ்வளவோ இருந்தது. இவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்தாள். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கண்ணாடித் தடுப்பின் அடியில் தள்ளினாள்.

"தாளைப் படிச்சுப் பாரு."

ஜெனெல் படித்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காது வரை போனது. அதை லோர்னா அவசரமில்லாமல் பார்த்தாள். நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"டெசா பேருக்கு மாத்தப் போறீங்களா?"

"சட்டப்படி அக்கா தங்கச்சிதானே, ஒரு கையெழுத்துல மாத்தலாம். நீதான சொல்லிக்குடுத்த?" லோர்னா குரலை உயர்த்தவில்லை. "ஆனா மாத்தமாட்டேன். உன் பொண்ணு பேரு அப்படியே இருக்கும். மூணு மாசத்துக்கு ஒருதரம் இவ்வளவு வளந்திருக்குன்னு கடுதாசி வரும். ஒரு காப்பி உனக்கு அனுப்பறேன். பணத்தை எடுக்கற தாள்ல மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அவ குழந்தை லோர்னா."

"எம் பொண்ணு அன்னைக்குக் கிழவியா?"

ஜெனெல் கடிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் வேகமாகப் போனாள். பெவ் தன் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பிரின் வந்தாள். தலையில் டுவைட்டின் பழைய விதைக் கம்பெனித் தொப்பி. விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. நம்பர் பிளேட் இரண்டையும் தடுப்பின் அடியில் நுழைத்து, அதன்மேல் எட்டுத் திருகாணிகளையும் எண்ணி வைத்தாள். ஆணிகளை யாரும் கேட்கவில்லை.

"ரெண்டு துருப்பிடிச்சிருந்துது மேடம், அதான் லேட்டு." கழிவறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா அழற மாதிரி இருக்கே. ஃபார்ம்ல ஏதாவது தப்பா எழுதிட்டாங்களா?"

"இல்ல" என்றாள் லோர்னா. "தப்பே இல்ல. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு."

"அப்பாடா" என்று சிரித்தாள் பெண். "ஃபார்ம்னாலே எங்களுக்குப் பயம். அதெல்லாம் அவருதான் பாத்துப்பாரு."

லோர்னா பிளேட்டுகளை எடுத்துப் பெட்டியில் போடக் கையை வைத்தாள். வெயிலில் நின்ற தகரம், சுரீரென்று சுட்டது. முன்பக்கத்துப் பிளேட்டில் ஜூன் மாதத்துப் பூச்சிகள் இன்னும் ஒட்டிக் காய்ந்திருந்தன. நாற்பத்து நான்காம் எண்காரர் எழுந்து வந்து பெண்ணின் பின்னால் நின்றார். லோர்னா கையை எடுக்கவில்லை. தகரம் ஆறுகிற வரை அப்படியே வைத்திருந்தாள்.