இக்தியோசாரஸ் புஸ்வாணம்

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஊர்க்காவலன் அண்ணாச்சி, புதுப் புஸ்வாணத்துக்கு லேபிள் கேட்டு வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"டைனோசர் வேணும் தாயி. ஆனா வேற எவன் பெட்டியிலயும் இல்லாத டைனோசரா இருக்கணும்."

சிவகாசி அச்சகத்தில் லேபிள் வரையும் பெனாசிருக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் உயிர். இரண்டு நாள் தேடி இக்தியோசாரஸைப் பிடித்தாள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்தித் திரிந்த ஊர்வன வகை. டைனோசரும் இல்லை, மீனும் இல்லை. முட்டையிடாமல் தண்ணீருக்குள்ளேயே குட்டி போட்டதாம். அதைப் படித்ததும் அவளுக்கு மனம் இளகிவிட்டது. தாய் நீந்த, அதன் அடிவயிற்றிலிருந்து குட்டி வாலை நீட்டி வெளியே வருவதுபோல் வரைந்து அண்ணாச்சியின் போனுக்கு அனுப்பினாள்.

கல்யாணப் பந்தியில் இருந்தவர், இடது கையால் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பினார். இருபதாயிரம் லேபிள் அச்சாகிவிட்டது.

மறுவாரம் கம்பெனிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பேக்கிங் ஷெட்டில் அண்ணாச்சி லேபிளை மூக்குக்கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன மீனு?"

"மீனில்ல அண்ணாச்சி. இக்தியோசாரஸ்."

"சரி. பின்னாடி என்னமோ தொங்குதே?"

பெனாசிர் தயங்கினாள். "குட்டி. இப்பத்தான் பொறக்குது."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, பிரசவத்தப் புஸ்வாணத்துல ஒட்டுனா எவன் வாங்குவான்? நான் வெடி விக்கவா, ஆஸ்பத்திரி நடத்தவா?"

பெனாசிர் லேபிள் கட்டுகளை எடுத்துப்போகக் குனிந்தாள். அங்கே பேக்கிங் பார்க்கும் மாரித்தாய் குறுக்கே வந்தாள்.

"இருங்க மொதலாளி. நேத்து பொட்டல்ல கொளுத்திப் பாத்தீகள்ல? பெரிய பூ அடங்குனதும் என்ன வந்துச்சு?"

"சின்னதா இன்னொரு பூ புஸ்ஸுனு வந்துச்சு. கலவையில ஏதோ கோளாறு. சரிபண்ணச் சொல்லிருக்கேன்."

"அத ஏன் சரிபண்றீக? அதான் குட்டி!"

அண்ணாச்சி லேபிளைப் பார்த்தார். மாரித்தாயைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏலே, கலவைய மாத்தாதீகலே! அப்படியே இருக்கட்டும்!" என்று கத்தினார்.

அந்த சீசனில் லேபிளுக்கு இரண்டு தடவை ஆர்டர் வந்தது. மாதிரி காட்டப் பெனாசிர் போயிருந்த அன்று, அண்ணாச்சி ஒரு வெளியூர் வியாபாரியிடம், தானே கூட இருந்து பிரசவம் பார்த்தவர்போல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாலுதான் மொதல்ல வரும். தல முந்துனா தண்ணியக் குடிச்சிரும்ல? எல்லாம் யோசிச்சுத்தான் நானே வரையச் சொன்னேன்."

பெனாசிர் வாயைத் திறந்தாள். மாரித்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பேசட்டும் விடு தாயி. பாதிப் பிரசவத்துல நிப்பாட்டக் கூடாது."