இலவம்பஞ்சுக் கதவு

பாத்திரக்கடைக்குப் பின்கட்டில் குடியிருக்கிறவளுக்கு ஒற்றைத் தலைவலி வரக்கூடாது. ராமலட்சுமிக்கு வந்துவிட்டது.

அருப்புக்கோட்டையில் அவள் புருஷன் ஐயாத்துரையின் கடைக்கு வருகிற எவரும் குடத்தைக் கண்ணால் பார்த்து வாங்கியதில்லை. விரல் முட்டியால் நாலு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த குடத்தைத் தட்டுவார்கள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டு போதும். மீதி மூன்றும் விலை இறங்குவதற்கு. வாங்கியானதும் உளி வைத்துப் பேர் வெட்ட வேண்டும். அறுபத்தெட்டில் எவர்சில்வர் வேறு வந்து சேர்ந்தது. பித்தளையாவது முனகும், எவர்சில்வர் கத்தும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பழைய கதவு. அதன் இடுக்கில் விரலே போகும், சத்தம் போகாதா?

நரிக்குடியில் ஆட்டு வியாபாரம் பார்க்கும் அவள் அண்ணன் தனுஷ்கோடி வந்து பார்த்தார். தங்கை கண்ணில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"மாப்ள, ஆட்டுக்குச் சீக்குன்னா கொட்டிலை மாத்துவோம். இவளை நான் கூட்டிட்டுப் போறேன். கம்மாக்கரையில காத்துச் சத்தம்தான்."

"எத்தனை நாளைக்கு மச்சான்?"

"தலைவலி போற வரைக்கும்."

"கடை இருக்கிற வரைக்கும் தலைவலி இருக்குமே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஐயாத்துரை பேரத்தில் இறங்கினார். ஒரு மாதம் தவணை கேட்டார், எட்டு நாளில் படிந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் வீடு அடங்கவில்லையென்றால் ராமலட்சுமி பெட்டியோடு பஸ் ஏற வேண்டியது.

ஆசாரி இருளப்பசாமி வந்தார். பழைய மெத்தையின் இலவம்பஞ்சை இரண்டு சாக்குக்கு நடுவில் பரப்பிக் கோணூசியால் தைத்தார்கள். ஆணி சாக்கைக் கிழிக்காமலிருக்கக் கலர் பாட்டில் மூடியைத் தட்டையாக்கி அடியில் வைத்துக் கதவில் அறைந்தார். நிலையைச் சுற்றிச் சைக்கிள் ட்யூப்பைக் கீறி ஒட்டினார்.

"என்ன முதலாளி, கதவுக்குக் குளிருதா?"

"கூலி கைக்குத்தான்யா. வாய்க்கு இல்ல."

வேலை முடிந்து கதவைச் சாத்தினால் அது மோதவில்லை. தூங்கப்போகிற கண்போல மெல்ல மூடியது.

உள்ளே மத்தியானம் பாலில் ஊறியதுபோலக் கிடந்தது. ராமலட்சுமி தூங்கினாள். கனவில் நரிக்குடிக் கண்மாய் சத்தமில்லாமல் நிறைந்தது. அண்ணனின் ஆடுகள் தண்ணீர்மேல் நடந்து போயின. பஞ்சுக் குடங்கள் மிதந்து வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பஞ்சும் பஞ்சும் இடித்தால் என்ன கேட்கும்?

வியாழக்கிழமை திருச்சுழியிலிருந்து சந்தனம்மாள் மகள் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வந்தாள். இருபத்தொரு உருப்படி. பேரம் இறுகியது.

"அண்ணாச்சி, கடைசி விலை சொல்லுங்க."

ஐயாத்துரை கதவைப் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷமாக இப்படிப் பேரம் இறுகும்போதெல்லாம் உள்ளே அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழும். ஒருமுறை விழுந்தால் கொடுத்துவிடலாம். இரண்டுமுறை விழுந்தால் கொடுக்கக்கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் கடைப் பலகையில் பேரை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

"என்ன அண்ணாச்சி, கதவையே பாக்கீக? விலை அங்கயா எழுதியிருக்கு?"

"யோசிக்கேன் தாயி."

"நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள எம்மக கிழவியாயிருவா."

அவள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள். ஐயாத்துரை கதவைத் திறந்தார். தெருவே உள்ளே விழுந்தது. ராமலட்சுமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வந்தவுக போயிட்டாகளா?"

"கரண்டி விழலை" என்றார் அவர்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொல்லிவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"விழுந்துச்சே. கனவுல. அங்க அதுக்குச் சத்தமில்ல."

"பஞ்சைப் பிச்சு எறிஞ்சிரட்டுமா?"

"அப்ப நான் பொட்டியைக் கட்டிரவா?" கதவுப் பஞ்சைத் தடவினாள். "எங்க அண்ணன் சந்தையில சத்தம் போட்டா ஆடு விக்கிறாக? எல்லாம் துண்டுக்குள்ளதான்."

ஆட்டுச்சந்தையில் இரண்டு பேரின் கைமேல் ஒரு துண்டு கிடக்கும். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரல் பத்து, இரண்டு விரல் இருபது. கையை இறுக்கி மூடிக்கொண்டால் விற்கிறதாக இல்லை என்று அர்த்தம். ராமலட்சுமி சின்னப் பிள்ளையாக அண்ணன் கையைப் பிடித்தே அதைப் படித்தவள்.

மறுபடி ஆசாரி வந்தார். கல்லாவை ஒட்டிக் கதவில் கை நுழைகிற அளவு ஒரு துளை போட்டு, துண்டைக் குழாய்போலத் தைத்துச் செருகினார்.

"இப்பக் கதவுக்குச் சட்டையா முதலாளி?"

உள்பக்கம் துளையோரமாகக் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். ஐயாத்துரை கல்லாவில் உட்கார்ந்தபடி கையை உள்ளே விடுவார். தன் விலையைப் பிடிப்பார், பிறகு கேட்கிறவர் விலையை. எந்தச் சரக்கு என்று அவள் கேட்பதில்லை. அவர் கை எவ்வளவு வியர்த்திருக்கிறது என்பதே போதும். அவள் அரைத் தூக்கத்தில் கண்மாய்க்கரையிலேயே இருந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வரும். மூன்று விரலைக் கொடுத்ததும் மீன்போல அமிழ்ந்துவிடும். சனிக்கிழமை சந்தனம்மாள் திரும்பி வந்து இருபத்தொன்றையும் எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை தனுஷ்கோடி வந்தார்.

"பொட்டி கட்டியாச்சா?"

"அவ உள்ள இருக்கா மச்சான். கதவைத் திறந்தா சத்தம் போகும். கையை விட்டுக் கேளுங்க."

தனுஷ்கோடி துளையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே விட்டார். முகம் சந்தை முகமாகிவிட்டது. அதில் எதையும் படிக்க முடியாது. ஐயாத்துரை கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். தலைவலி விட்டதா இல்லையா என்று அவளிடம் கேட்க அவருக்குத் தைரியம் வந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கை வெளியே வந்தது. தனுஷ்கோடி தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நரிக்குடி பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"என்ன சொன்னா மச்சான்?"

"துண்டுக்குள்ள பேசினதை வெளிய கேக்கப்படாது மாப்ள." அவர் தனியாகவே படியிறங்கினார்.

ஐயாத்துரை தன் கையை உள்ளே விட்டார். அவள் கை அங்கேயே இருந்தது. இறுக்கி மூடி, வெதுவெதுப்பாக, தூங்கிக்கொண்டு.

கடையில் யாரோ குடத்தைத் தட்டி விலை கேட்டார்கள். அவர் காதில் அது விழவில்லை.