அரிசி தேடிய கை

...இன்னும் ஐந்து பேர், அப்புறம் அவள்தான், அந்த ராமாத்தாள், வரட்டும், வராமல் எங்கே போவாள், ரப்பர் தோட்டத்து முள்வேலிக்கு இருப்பது ஒரே வாசல், அதில் பெண்களைச் சோதித்து அனுப்ப இருப்பதும் ஒரே ஆள், இந்தச் சுப்பம்மா. மரத்தில் பால்வெட்டப் போகிறவள் இடுப்பில் ஒரு பிடி அரிசி அகப்பட்டால் போதும், காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவனுக்குக் கொண்டுபோகிறாள் என்று லாரியில் ஏற்றிவிடுவார்கள், அப்புறம் சிறையோ, ஊருக்கே கப்பலோ... ஏறட்டுமே! சாக்குத் திரைக்குள் சுசீலா வந்தாள், "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்றாள், தோளில் ஒரு தட்டு, போ கண்ணு, அவ்வளவுதான். இந்தப் பெண் எதை ஒளிக்கப் போகிறது? ஒளிக்கிறவள் ராமாத்தாள். இல்லாவிட்டால் இரண்டு மாதமாக எதற்கு அந்தத் தொளதொளச் சட்டை, ரேஷனில் அளந்து போடும் நாளில் இவளுக்கு மட்டும் இடுப்பு எப்படிப் பெருக்கிறது?

அவள் மகள் சமைந்த சடங்கில் என் கையிலிருந்த தாம்பாளத்தைப் பிடுங்கினாளே, நியாலாஸ் ஊரிலிருந்து வந்த சனம் அத்தனையும் பார்க்க, "தாலியறுத்தவ கை படக்கூடாதுலா" என்று... என் புருஷனைச் சுட்டுப்போட்டு அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த லயத்து வீட்டுப் பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை, பிள்ளைத்தாய்ச்சிகள் கூப்பிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன கை, ஒரே நாளில் ஆகாத கையாகிவிட்டது. ஆகாத கைதான்டி தினமும் உன் கொண்டையை அவிழ்க்கிறது, முந்தானையை உதறுகிறது, இன்றைக்கு இடுப்பையும் தடவப் போகிறது, என்ன செய்வாய்?

வந்துவிட்டாள். "சீக்கிரம் பாத்து விடு, நேரமாச்சு" என்றாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, என்ன திமிர்! சட்டைக்கடியில் இறுக்கிக் கட்டிய துண்டு, துண்டுக்கடியில் கெட்டியாக, உருண்டையாக... "சார்ஜன்! அரிசி! மூட்டையே வச்சிருக்கா!" திரையை விலக்கிக்கொண்டு போலீஸ்காரர்கள், பின்னால் கங்காணி கந்தசாமி, அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை, அதில் அவள் புருஷன் மருதமுத்து. ராமாத்தாள் அழவில்லை. துண்டைத் தானே அவிழ்த்துப் போட்டாள். "பாருங்க, எல்லாரும் நல்லா பாருங்க! சமைஞ்ச மகள வச்சுக்கிட்டு வெக்கத்துல மறைச்சேன். அஞ்சு மாசம். போதுமாடி?" போலீஸ்காரன் ஒருவன் சிரித்தான். மருதமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வரிசையில் பின்னால் நின்ற மகள் பால்வாளியைப் போட்டுவிட்டு லயத்துப் பக்கம் ஓடினாள்.

நல்லா வேணும், என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கென்ன தெரியும், யாராயிருந்தாலும் கத்தியிருப்பார்கள், மறைத்தவள் பாடு... அடுத்தவள் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், ஏன் இன்னும் சும்மா நிற்கிறேன்? எத்தனை வயிற்றைத் தொட்ட கை இது, இதற்குத் தெரியாதா? தொட்டதும் உள்ளே ஒன்று உதைத்ததே, லேசாக, ஒரே ஒரு தரம்... அரிசி உதைக்குமா? இல்லை, கத்திய பிறகுதான் உதைத்தது, பிறகுதான், என்று தனக்கே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள் சுப்பம்மா. ஆனால் கத்தும்போது கையை எடுத்துவிட்டிருந்தாள்.